மூன்று பூஜ்யம்

கடனை அடைத்து முடித்தவர்கள்கூடத் தங்கள் கடன் அறிக்கையைத் திறந்து பார்க்கப் பயப்படுகிறார்கள். வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும், திருப்பூரில் என் வீட்டுக்கு ஆட்கள் வருவது நிற்கவில்லை. வருகிறவர்களில் அநேகம் பேர் அறிக்கையைப் பார்க்காமலே வருகிறார்கள். "சிபில் போயிருச்சுங்க சார்" என்பார்கள். எவ்வளவு போயிற்று, எதனால் போயிற்று என்று கேட்டால் தெரியாது. ஏதோ ஒரு கிளையில் யாரோ ஒருவர் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியிருப்பார். அதோடு எல்லாக் கதவும் அடைபட்டதாக நினைத்துக்கொண்டு நேரே கந்து வட்டிக்குப் போய்விடுகிறார்கள். முதல் கடனில் சறுக்கியதால் வந்த சேதத்தைவிட, பயந்துபோய் வாங்கிய இந்த இரண்டாவது கடன் செய்யும் சேதம் பெரிது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

அறிக்கையைப் பார்ப்பதற்குச் செலவு கிடையாது. சிபில் என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும், நாம் கடனைக் கட்டிய விதத்தைப் பதிவு செய்து அறிக்கையும் மதிப்பெண்ணும் தரும் நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். 2000-ல் தொடங்கப்பட்ட சிபில் முந்திக்கொண்டதால் அதன் பெயரே எல்லாவற்றுக்கும் நிலைத்துவிட்டது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2017 முதல் நடப்பில் இருக்கிறது. நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் மதிப்பெண் குறைந்துவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. கடன் கேட்டு விண்ணப்பித்து, வங்கி எடுத்துப் பார்த்தால்தான் அது கணக்கில் ஏறும். ஒரு இடத்தில் மறுத்தார்கள் என்று அதே வாரத்தில் ஐந்தாறு இடங்களில் விண்ணப்பம் போடுகிறவர்கள் தங்கள் கையாலேயே மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

என்னிடம் வந்தவர்களில் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பவர் டேபிள் போட்டு, பனியன் கம்பெனிகளிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுப்பவன். 2020-ல் கொரோனா வந்து ஆர்டர் நின்றது. அந்த ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணை கட்டாமல் இருக்க ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்திருந்தது. அவனும் எடுத்துக்கொண்டான். தவணைதான் நின்றதே தவிர வட்டி நிற்கவில்லை. சலுகை முடிந்து மெஷின் ஓட ஆரம்பித்தபோது கம்பெனியிலிருந்து பில் பணம் வரவில்லை, ஆனால் டெய்லர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். கிரெடிட் கார்டைத் தேய்த்தான்.

கார்டுக்காரர்கள் கேட்கும் ‘மினிமம் டியூ’வை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நிலுவை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 1,750 ரூபாய். வட்டியின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 315. ஆக 2,065. மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் 2,500. அதைக் கட்டினால் அசலில் கழிவது 435 ரூபாய். மாதம் தவறாமல் கட்டுகிறோமே, கடன் ஏன் குறையவில்லை என்று அவன் குழம்பியதில் நியாயம் இருக்கிறது. ஒரு கட்டத்தில் கட்டுவதையே நிறுத்திவிட்டான்.

பிறகு போன்கள். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூல் ஏஜென்ட் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. இது தெரியாதவர்களை ராத்திரி பத்து மணிக்கும் கூப்பிடுவார்கள். பல மாதம் கழித்து ஒரு குரல் இனிமையாகப் பேசியது. "ஒரு லட்சத்துப் பத்தாயிரம் நிக்குதுங்ணா. நாப்பத்தஞ்சு கட்டிருங்க, இன்னைக்கே முடிச்சு லெட்டர் குடுத்தர்றோம்." மனைவியின் வளையலை வைத்துக் கட்டினான். கடிதமும் வந்தது. கடன் தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தான்.

அந்தக் கடிதத்தின் பெயர் செட்டில்மென்ட். அறிக்கையில் அது ‘செட்டில்டு’ என்று பதிவாகும். முழுவதும் கட்டி முடித்த கணக்குக்கு ‘குளோஸ்டு’ என்று வரும். கட்டியவருக்கு இரண்டும் ஒன்றுதான்; அடுத்துக் கடன் கொடுக்கப் போகிறவருக்கோ இரண்டும் வேறு வேறு. இவர் முழுதாகத் தரவில்லை, வங்கி மீதியை நஷ்டக் கணக்கில் எழுதியது என்றுதான் செட்டில்டு என்பதை அவர் படிப்பார். போனில் இனிமையாகப் பேசும் எவரும் இதைச் சொல்வதில்லை. இதைச் சொல்லாமல் வசூல் செய்வதை நான் ஏமாற்று என்றே சொல்வேன். கட்டவே வழியில்லாதவருக்கு செட்டில்மென்ட் ஒரு வழிதான், மறுக்கவில்லை. விளைவைத் தெரிந்துகொண்டு அவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

புது மெஷினுக்குக் கடன் கேட்டுப் போனபோது அவனுக்கு விஷயம் தெரிந்தது. பிரவுசிங் சென்டரில் அறிக்கையை பிரின்ட் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். மதிப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த எண் 300-லிருந்து 900 வரை போகும். 750-க்கு மேல் இருந்தால் வங்கிக்காரர்கள் முகம் மலர்வார்கள். அவனுடையது 600-க்குக் கீழே. அதை விட்டுவிட்டு உள்ளே வா என்று பக்கத்தைப் புரட்டினேன். ஒவ்வொரு கடன் கணக்கின் கீழும் மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், 36 மாதம் வரைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இலக்கம். 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030 என்றால் முப்பது நாள் தாமதம். 90-ஐத் தாண்டினால் வாராக் கடன். பெருக்கல் குறி மூன்று இருந்தால் அந்த மாதத் தகவலை வங்கி அனுப்பவில்லை. அவனுடைய வரிசை பூஜ்யங்களாகவே ஓடிவந்து ஓரிடத்தில் உடைந்திருந்தது. அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தான். "இது தீபாவளி மாசங்க. டெய்லருங்களுக்கு போனஸ் குடுத்தேன். கார்டுக்கு விட்டுட்டேன்" என்றான்.

அந்தக் கட்டத்துக்கு போனஸ் தெரியாது. வாங்கிய பணத்தில் கேளிக்கை நடத்தியவனுக்கும் தொழிலாளிக்குக் கூலி கொடுத்தவனுக்கும் அது ஒரே எண்ணைத்தான் போடும். மேலாளர் மனிதரைப் பார்த்துக் கடன் கொடுத்த காலத்தில் எவ்வளவோ பாரபட்சம் இருந்தது. சாதி, சிபாரிசு எல்லாம் புகுந்து விளையாடியதை நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். ஆகவே எண்ணே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஏன் தவறினாய் என்று ஒரு கேள்வி கேட்கும் பழக்கமும் எண்ணோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அவன் செய்தது இதுதான். கார்டு கொடுத்த வங்கிக்கு எழுத்துமூலம் ஒரு கடிதம்: மீதி 65,000 ரூபாயைக் கட்டிவிடுகிறேன், கணக்கை குளோஸ்டு என்று மாற்றித் தருவீர்களா? சம்மதம் எழுத்தில் வரும்வரை ஒரு ரூபாய் கட்டாதே என்று சொல்லியிருந்தேன். வந்தது. பிரித்துப் பிரித்துக் கட்டி முடித்து, பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கினான். 2025 ஜனவரி முதல் வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்றாகிவிட்டது; அதனால் மாற்றம் முன்னைப்போல் மாதக்கணக்கில் இழுக்காது. இருந்தாலும் உடைந்த கட்டங்கள் மறைந்துவிடாது. கடன் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. புதுக் கட்டங்கள் வந்து சேரச் சேரப் பழையவை பின்னால் தள்ளப்படும். புதுக் கட்டம் வர வேண்டுமானால் ஏதாவது ஒரு கடன் நடப்பில் இருக்க வேண்டும். ஆனால் கடன் கொடுக்கத்தான் ஆள் இல்லையே?

அதற்கும் வழி இருக்கிறது. வங்கியில் ஒரு வைப்புநிதி போட்டு, அதன்பேரில் கார்டு வாங்கலாம். டெபாசிட் ஈடாக இருப்பதால் மதிப்பெண் குறைவாக இருந்தாலும் பல வங்கிகள் கொடுக்கின்றன. 20,000 ரூபாய் போட்டான். 16,000 வரை செலவழிக்கலாம் என்று கார்டு வந்தது. அதில் 4,800-ஐத் தாண்டாதே என்றேன். கொடுத்த வரம்பில் 30 சதவீதத்துக்குள் பயன்படுத்துகிறவரைத்தான் கணக்கு நல்லவராகப் பார்க்கிறது. கரண்ட் பில், போன் ரீசார்ஜ் இரண்டுக்கு மட்டும் கார்டு. மாதாமாதம் முழுத்தொகையும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். வளையலை வைத்த நகைக் கடனும் வங்கிக் கடன்தான் என்பதால், அதன் வட்டியை நாள் தவறாமல் கட்டி மீட்டதும் அறிக்கையில் ஏறியது.

சலிப்பூட்டும் வேலை இது. ஒவ்வொரு மாதமும் ஒரு 000, அவ்வளவுதான். முதல் சில மாதங்களில் மதிப்பெண் அசையவே இல்லை என்று புலம்பினான். பிறகு மெதுவாக ஏறியது. இந்த இடத்தில்தான் பலர் பொறுமையிழந்து, ‘ஸ்கோரை ஏற்றித் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்கிறார்கள். உண்மையான தாமதத்தை யாராலும் அழித்துத் தர முடியாது. பொய்யாக ஏறியதை மட்டுமே நீக்க முடியும். அதை நாமே காசு செலவில்லாமல் செய்யலாம்.

பொய்யாக ஏறுவது நம் பக்கத்தில் நிறையவே நடக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரு ஆவணத்தில் எஸ். முருகன், இன்னொன்றில் முருகன் எஸ்., பான் கார்டில் தகப்பனார் பெயர் முழுதாக. போதாக்குறைக்குப் பிறந்த தேதி. பழைய தலைமுறையில் பள்ளியில் சேர்த்த வாத்தியார் எழுதியதுதான் பலருக்குப் பிறந்த தேதி. ஒரே வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்திருப்பார்கள். யாரோ ஒரு முருகன் கட்டாத டிராக்டர் கடன் இன்னொரு முருகன் அறிக்கையில் வந்து உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்படி இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரல் முதல் இது நடப்பில் இருக்கிறது. அப்படியும் நகரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

பெயரே கேள்விப்படாத நிதி நிறுவனம் ஒன்று அறிக்கையில் இருந்தால் உடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். செல்போனில் ஆப் மூலம் வாங்கிய மூவாயிரம் ரூபாயை உண்மையில் கொடுத்தது வேறொரு நிறுவனமாக இருக்கும். கடையில் வட்டியில்லாத் தவணையில் வாங்கிய மிக்சியும் அப்படித்தான். பங்காளிக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் இங்கே வரும். அவர் கட்டாமல் விட்டால் உங்களுக்கும் பாதிப்பு உண்டு. ஆனால் வாழ்நாளெல்லாம் மளிகைக் கடைப் பற்றை மாதக் கடைசியில் தீர்த்தது, கைமாற்று வாங்கியதைச் சொன்ன தேதியில் திருப்பித் தந்தது, ஊர்ச் சீட்டுக்கு ஒரு தவணையும் தவறாதது எதுவும் இதில் வராது. நேர்மையான எத்தனையோ பெண்களின் கணக்கு இதனாலேயே வெறுமையாக இருக்கிறது. எனக்கு இது பெரிய அநீதியாகப் படுகிறது.

அந்தத் தம்பிக்கு மெஷின் கடன் கிடைத்தது. வட்டி மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். பரவாயில்லை, இதை ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது குறைவாகக் கிடைக்கும் என்று அவனே சொன்னான். இப்போது அவன் கவலை வேறு. மகள் பதினொன்றாம் வகுப்பு. நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். கல்விக் கடனில் அப்பாவோ அம்மாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். குறைந்த மதிப்பெண்ணை மட்டும் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் கிளைகளில் அதைப் பார்க்காமல் விடுவதில்லை. கல்லூரி அட்மிஷன் நேரத்தில் அறிக்கையை எடுத்தால் திருத்த நேரம் இருக்காது. பிள்ளைகள் பதினொன்றில் இருக்கும் பெற்றோர் இந்த மாதமே எடுங்கள், அம்மாவுடையது, அப்பாவுடையது இரண்டையும். படிக்கத் தெரியவில்லை என்றால் விவரம் தெரிந்த யாரிடமாவது காட்டுங்கள். திருப்பூர்ப் பக்கம் இருந்தால் என்னிடமே கொண்டு வரலாம். மதிப்பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டேன்.