கிண்ணத்தில் விழும் கடல்

சமுத்திரத்தின் ஆழத்தில் நங்கூரமிட்டு நிறுத்தப்படும் படிவுப் பொறியானது, மேலிருந்து ஓயாமல் உதிர்ந்து வரும் உயிர்ப்பொருளை அகன்ற வாயில் ஏந்தி, அடியிலே சுழலும் கிண்ணங்களில் தவணை தவணையாகச் சேர்த்துத் தருகிறது. அக்கிண்ணங்களைப் பரிசோதிப்பதே என் தொழில். ஃபார்மலின் நெடியோடு அவை மேசைக்கு வந்ததும், தாமாக மூழ்கிய துகள்களிலிருந்து, நீந்தி உள்ளே புகுந்து அந்த மருந்தில் மாண்ட சிறு பிராணிகளை மைக்ராஸ்கோப்பின் கீழ் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி விலக்க வேண்டும். விலக்காது விட்டால், கடல் ஆழத்துக்கு அனுப்பிய கரியின் கணக்கு மிகைப்பட்டுவிடும்.

ஆனால் எத்தனை சிரத்தையாகப் பொறுக்கினாலும், கிண்ணம் நிரம்பிய ஆண்டு எத்தகையது என்று அறியாதவன் அதன் எடையைக் கொண்டு எதையும் நிர்ணயிக்க முடியாது. பசிபிக்கின் பூமத்திய ரேகைப் பிரதேசத்தில், வியாபாரக் காற்று மேல்நீரை மேற்கே ஒதுக்க, குளிர்ந்த ஆழ்நீர் நைட்ரேட்டையும் கரியமிலவாயுவையும் ஒருங்கே சுமந்து மேலெழுகிறது. அதில் தழைக்கும் டயாட்டங்கள் என்னும் நுண்பாசிகள் சிலிக்கா ஓட்டின் பாரத்தால் விரைந்து மூழ்குகின்றன. எல் நினோவில் காற்று தளர்ந்து வெந்நீர் கிழக்கே பரவும்போது நைட்ரேட் மேலே எட்டாமல் டயாட்டங்கள் அருகி, மிக நுண்ணிய உயிரிகளே மிஞ்சுகின்றன. அவற்றில் பெரும்பகுதி மேல்நீரிலேயே உண்ணப்பட்டுச் சிதைந்து மீண்டும் வாயுவாகிவிடுகிறது. 1997-ல் ஏவப்பட்ட ஸீவிஃப்ஸ் என்னும் விண்கருவி, அவ்வாண்டின் எல் நினோவில் அங்கே பசுமை வற்றியதையும், 1998 நடுவில் அதற்கு நேரெதிரான லா நினா தோன்றியதும் அது பொங்கியதையும் பதிவு செய்தது.

கிண்ணத்தில் கரி குறைந்தபடியால் கடல் அவ்வாண்டு வானுக்கு அதிக வாயுவை விட்டிருக்கும் என்று முடிவுகட்டுதல் தவறு. கரியமிலவாயு செறிந்த ஆழ்நீரும் அப்போது மேலே வருவதில்லையாதலால், அப்பிரதேசம் வெளியிடும் வாயுவும் குறைந்தே போகிறது. கரியை ஆழத்துக்கு அனுப்பும் உயிர்களின் இறைப்பும் வாயுவை வெளிவிடும் நீரின் மூச்சும் ஒருசேரத் தளர்கின்றன.

1992-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதே பிரதேசத்தில், மேற்குத் தீர்க்கரேகை 140 பாகையில், ஆண்டின் முற்பகுதியில் எல் நினோவின்போதும், பிற்பகுதியில் அது அடங்கிய பின்னும் அளவெடுத்து, இரண்டாம் முறை உற்பத்தி மேலோங்கியிருக்கக் கண்டனர். முதற் பயணத்தோடு நின்றிருந்தால் மெலிந்த கடலையே இயல்பான கடலென்று எழுதிவைத்திருப்போம்.

எல் நினோ திரும்பி வர 2 முதல் 7 ஆண்டுகளாகும். பசிபிக்கின் நீண்ட அலைவுக்கோ பல பத்தாண்டுகள் வேண்டும். ஆராய்ச்சி மானியங்களோ பெரும்பாலும் அதற்குள் தீர்ந்துவிடுகின்றன. பெர்முடாவுக்கு அப்பால் 1978 முதல் நடைபெற்றுவரும் படிவுப் பொறித் தொடரைப் போன்றவற்றை நடுவே அறுத்துவிடாமல் போஷிக்குமாறு, நிதி வழங்கும் பொறுப்பிலுள்ளோரை வேண்டிக்கொள்கிறேன்.