எத்தனை வீட்டில் போய் எடுப்பாள்?

எண்பதுகளில் டெக் வாடகைக்கு எடுத்தால் ஒரே ராத்திரியில் மூன்று படத்தையும் பார்த்து முடித்துவிட வேண்டும். விடிந்ததும் கடைப்பையன் சைக்கிளோடு வாசலில் நிற்பான். அன்றைக்கு முதலில் ரஜினி படம், அடுத்து ஆச்சிக்காக ஒரு சாமி படம், கடைசியாக மாமா தனக்கென்று கொண்டுவந்த இங்கிலீஷ் கேசட்: ‘ஆப்சென்ஸ் ஆஃப் மாலிஸ்’. மாமா ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். பால் நியூமன் படம் என்று அவர் சொன்னதும் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ‘தி டவரிங் இன்ஃபெர்னோ’வில் தீப்பிடித்த கட்டடத்துக்குள் ஏறி இறங்கிய ஆளாயிற்றே!

ஒரு சண்டைகூட வரவில்லை. மேசை, டெலிபோன், கோப்பு, மறுபடியும் டெலிபோன். அண்ணன்கள் பாயிலேயே சுருண்டுவிட்டார்கள். மாமா மட்டும் எனக்குத் தாழ்ந்த குரலில் கதை சொல்லிக்கொண்டே வந்தார். மியாமியில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் காணாமல் போகிறார். துப்பு கிடைக்காத விசாரணை அதிகாரி, செத்துப்போன ஒரு தாதாவின் மகனான மைக்கேல் கேலகரை நெருக்கினால் ஏதாவது தெரியவரும் என்று கணக்குப் போடுகிறார். அவன் பெயர் இருக்கும் கோப்பை மேசைமேல் விட்டுவிட்டு அறையிலிருந்து வெளியேறுகிறார். நிருபர் மேகன் அதைப் படித்துச் செய்தியாக்கிவிடுகிறாள். “வேணும்னேதான் வச்சுட்டுப் போறான், பாரு” என்றார் மாமா. அவர் குரலில் அப்படியொரு கோபத்தை நான் கேட்டதில்லை.

பிறகு டெரேசா வந்தாள். கேலகரின் சிநேகிதி, கத்தோலிக்கப் பள்ளியில் வேலை பார்ப்பவள். தலைவர் காணாமல் போன சமயத்தில் அவன் அவளோடு அட்லாண்டாவில் இருந்தான். அவள் கருக்கலைப்புக்குப் போயிருந்தாள். அவனைக் காப்பாற்ற இதை மேகனிடம் சொல்கிறாள். பேப்பரில் போட வேண்டாம் என்று கெஞ்சுகிறாள். மேகன் போட்டுவிடுகிறாள். விடியற்காலையில் பேப்பர் வந்து விழுகிறது. டெரேசா படிக்கிறாள். எழுந்து போய் அக்கம்பக்கத்து வீடுகளின் புல்வெளியில் கிடக்கும் பேப்பர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறாள்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தக் காட்சிக்கு அது தேவைப்படவும் இல்லை. “ஐயோ, எத்தனை வீட்டுல போய் எடுப்பா!” என்றாள். அடுத்து டெரேசா தற்கொலை செய்துகொண்ட சேதி வந்ததும் அம்மா மாமா பக்கம் திரும்பினாள். “ஏன்டா தம்பி, நீங்களும் இப்படித்தான் போடுவீங்களா?”

“மறுப்பு அனுப்பினா அதையும் போடுவோம்க்கா.”

“செத்தவ எப்படிடா அனுப்புவா?”

மாமா அதற்கு மேல் எனக்குக் கதை சொல்லவில்லை.

வளர்ந்த பிறகு பலமுறை பார்த்துவிட்டேன். சிட்னி போலக் இயக்கி 1981-இல் வந்த படம். எழுதிய கர்ட் லுட்கே, ‘டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ்’ நாளிதழின் நிர்வாக ஆசிரியராக இருந்தவர். செய்தி அறையின் பேச்சும் நடப்பும் அதனால்தான் அத்தனை கச்சிதம். கேலகர் பற்றிய செய்தி உண்மையா பொய்யா என்பது பிரச்சினையே இல்லை, பொய்யென்று தெரிந்தே போட்டோம் என்று அவனால் நிரூபிக்க முடியாதவரை நாம் தப்பித்தோம் என்று பத்திரிகையின் வக்கீல் விளக்கும் இடம் குலை நடுங்க வைக்கும். 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன ‘நியூயார்க் டைம்ஸ் – சல்லிவன்’ தீர்ப்பிலிருந்து வளர்ந்த சட்டம் அது. பொது அதிகாரிகளை அச்சமில்லாமல் விமர்சிக்க வேண்டுமென்று வந்த பாதுகாப்பு. அது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டெரேசா எந்த அதிகாரத்தில் இருந்தாள்?

படம் இந்தக் கேள்வியின் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. அவள் இறந்ததும் கேலகர் ஒரு சாமர்த்தியமான பொறி வைக்கிறான். அதிகாரிகளும் பத்திரிகையும் அதில் விழுகிறார்கள். மேலதிகாரியாக வில்ஃபோர்ட் பிரிம்லி வந்து எல்லோரையும் உலுக்கி எடுக்கும் கடைசி விசாரணையைப் பலரும் புகழ்வார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. யாருடைய பதவி போகிறது என்பது அங்கே தீர்ந்துவிடுகிறது. டெரேசாவின் மானத்துக்கு அங்கே ஒன்றும் இல்லை. போதாததற்குக் கேலகருக்கும் மேகனுக்கும் நடுவே ஒரு காதல் வேறு. யார் எழுதியதால் அவள் செத்தாளோ அந்த நிருபரின் மனவருத்தம்தான் படத்துக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நியூமன், லுட்கே, டெரேசாவாக நடித்த மெலிண்டா டில்லன் மூவருக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது ஒருவருக்கும் இல்லை. டில்லனுக்காவது கொடுத்திருக்க வேண்டும். படத்தின் மிச்சமெல்லாம் பேசித் தீராததை, வாய் திறக்காமல் குனிந்து பேப்பர் பொறுக்கியே சொன்னவர் அவர்தான்.