அலுமினியம் ஏன் ஒட்ட மாட்டேங்குது?

விதை நெல்லுக்குக் காற்றுப் புகாத டப்பா செய்கிறேன் என்று வீட்டில் வாய்விட்டது நான்தான். குதிரின் வாயை மூடி மண்ணும் சாணியும் பூசுவது எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வழி. காற்று இல்லையென்றால் அந்துப்பூச்சி செத்துவிடும். அதையே மெல்லிய அலுமினியத் தகட்டில் செய்தால் எலித் தொல்லையும் இல்லை. இது என் கணக்கு.

பித்தளைக் குடத்துக்கு ஈயம் பற்ற வைப்பவரிடம் போனேன். ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடியது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும்; அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலோ 2,000 டிகிரி தாண்டித்தான் உருகும். சுரண்டி எடுத்தாலும் காற்று பட்ட நொடியில் திரும்ப வந்துவிடும். அடுத்து வெல்டிங். தகட்டில் ஓட்டைதான் விழுந்தது :-)

சரி, சூடே வேண்டாம். குளிர்பான டின்னைப் பாருங்கள். மூடியின் விளிம்பையும் டின்னின் விளிம்பையும் சேர்த்து மடித்து நசுக்கியிருப்பார்கள். இடுக்கில் ரப்பர் மாதிரி ஒரு பசை. நானும் விளிம்புகளை மடித்துத் தட்டி, சிலிகான் பூசினேன். மூடிக்கு குக்கர் கேஸ்கெட். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினேன். ஒரு குமிழி வரவில்லை!

அப்பா ஒரு நெல்லைக் கடித்துப் பார்த்தார். "இன்னும் காயணும்டா."

அப்புறம்தான் படித்தேன். சாதாரணப் பையில் வைக்கும் விதை நெல்லுக்கு 13% ஈரப்பதம் வரை இருக்கலாம்; ஈரம் புகாத டப்பாவுக்கு 8% தான். டப்பா வெளிக்காற்றை மட்டுமா தடுக்கும்? உள்ளே இருக்கும் ஈரத்தையும் சேர்த்துத்தானே பூட்டும்! அவசரப்பட்டு மூடியிருந்தால் முளைப்புத் திறன் போயிருக்கும்.

நெல் இப்போது மறுபடி களத்தில் காய்கிறது. டப்பா காலியாகக் காத்திருக்கிறது.