வளைவில் தெரியும் வலிமை

விரைவு மகிழுந்துகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "எவ்வளவு வேகமாகப் போகும்?" என்பதே பெரும்பாலும் முதல் கேள்வி. "இயந்திரம் எவ்வளவு பெரியது?" என்பது அடுத்த கேள்வி. "வளைவில் எப்படித் திரும்பும்?" என்று கேட்பவர் சிலரே. "கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?" என்னும் கேள்வி கடைசியில்தான் வருகிறது. இந்த வரிசை சரிதானா? இதற்கு விடை தேட ஆஸ்திரேலியாவின் கதை நன்கு உதவும்.

ஆஸ்திரேலியா பரந்த நாடு. நகரங்களுக்கு இடையே நெடுந்தொலைவு செல்ல வேண்டும். ஆதலால், அகலமும் உறுதியும் உடைய, பின்சக்கரங்களால் உந்தப்படும் குடும்ப மகிழுந்துகள் அங்கே பல்லாண்டுகள் உருவாக்கப்பட்டன. ஹோல்டன் நிறுவனத்தின் முதல் மகிழுந்து 1948இல் வெளிவந்தது. ஃபோர்டு நிறுவனம் 1960இல் ஆஸ்திரேலியாவில் ஃபால்கனைத் தயாரிக்கத் தொடங்கியது. பின்னர், இவ்விரு நிறுவனங்களும் குடும்ப மகிழுந்துகளிலேயே பெரிய இயந்திரங்களைப் பொருத்தி விரைவு மகிழுந்துகளை உருவாக்கின. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வண்டியும் பந்தயத்தில் ஓடும் வண்டியும் உடன்பிறந்தவை போல் காணப்பட்டன. இதனால் மக்களிடையே பற்றும் போட்டியும் வளர்ந்தன. "இது ஹோல்டன் வீடு", "இது ஃபோர்டு வீடு" என்று பெருமையுடன் சொல்லிக்கொண்ட குடும்பங்கள் ஏராளம்.

அந்தப் போட்டி சூடுபிடித்த இடம் பாதர்ஸ்ட். சிட்னிக்கு மேற்கே உள்ள அந்நகரின் அருகில் மவுண்ட் பனோரமா என்னும் மலை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பந்தயப் பாதையின் நீளம் ஏறத்தாழ 6.2 கிலோமீட்டர். பந்தயம் இல்லாத நாள்களில் அது பொதுச் சாலை. அப்போது யாரும் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. அப்பாதையில் ஒருபுறம் நீண்ட நேர்சாலை உண்டு. மறுபுறம் செங்குத்தான ஏற்றமும், குறுகிய வளைவுகளும், வயிற்றைக் கலக்கும் இறக்கமும் உண்டு. அக்காலப் பந்தயங்களில் கடையில் விற்கப்பட்ட வகை மகிழுந்துகளே ஓடின. எனவே, மலையின் மேல் கிடைக்கும் முடிவு வாங்குவோருக்கும் ஒரு பாடமாக இருந்தது.

1971ஆம் ஆண்டு ஆலன் மொஃபாட் ஃபால்கன் ஜி.டி.எச்.ஓ. மகிழுந்தில் அங்கு வெற்றி பெற்றார். அதன் இயந்திரம் எட்டு சிலிண்டர்களைக் கொண்டது, கொள்ளளவு 5.8 லிட்டர். நேர்சாலையில் அதனை விஞ்சுவது எளிதன்று. இயந்திரத்தின் அளவே வெற்றியின் அளவு என்று பலரும் எண்ணினர்.

மறு ஆண்டு மலையில் மழை பெய்தது. அவ்வாண்டு 27 வயதான பீட்டர் பிராக், ஹோல்டன் டொரானா மகிழுந்தைத் தனியாளாக ஓட்டினார். டொரானாவின் இயந்திரம் ஆறு சிலிண்டர்களைக் கொண்டது; கொள்ளளவு 3.3 லிட்டர் மட்டுமே. ஆனால், அதன் எடை ஏறத்தாழ 1,100 கிலோகிராம்தான். ஃபால்கனோ 1,500 கிலோகிராமையும் தாண்டியது. ஐந்நூறு மைல் பந்தயத்தின் முடிவில் வெற்றி சிறிய டொரானாவுக்கே கிடைத்தது.

இதற்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டுமன்று. மகிழுந்தைச் சாலையோடு இணைப்பவை நான்கு டயர்கள். வேகத்தைக் கூட்டுவதும், குறைப்பதும், திசையைத் திருப்புவதும் அந்த நான்கு டயர்களின் பிடிப்பால்தான் நடக்கின்றன. சாலை நனைந்தால் அப்பிடிப்பு குறைகிறது. அப்போது இயந்திரத்தின் ஆற்றல் முழுவதையும் சாலைக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் சக்கரம் வழுக்கும். கனமான வண்டியை நிறுத்துவதும் திருப்புவதும் கடினம். அதன் பிரேக்கும் டயரும் விரைவில் களைத்துவிடும். இலேசான வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. காய்ந்த நேர்சாலையில் ஃபால்கனுக்குப் பலமாக இருந்தது, ஈர வளைவில் பாரமாக மாறியது. வண்டியின் தரம் வண்டியில் மட்டும் இல்லை. அது ஓடும் சாலையிலும் இருக்கிறது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின் இதே பாடம் கடைத்தெருவில் மீண்டும் நடந்தது. 2003ஆம் ஆண்டில் மெல்பர்னில் ஒருவர் விரைவு மகிழுந்து வாங்கச் சென்றதாக எண்ணிப் பார்க்கலாம். அவர் முன் மூன்று வண்டிகள் நிற்கின்றன. முதலாவது ஹோல்டன் காமடோர் எஸ்.எஸ்.; 5.7 லிட்டர் கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் உடைய அதன் இயந்திரம் 235 கிலோவாட் ஆற்றல் தரும். இரண்டாவது ஃபால்கன் எக்ஸ்.ஆர்.8, 5.4 லிட்டர், எட்டு சிலிண்டர், 260 கிலோவாட். மூன்றாவது ஃபால்கன் எக்ஸ்.ஆர்.6 டர்போ, 4 லிட்டர், ஆறு சிலிண்டர், 240 கிலோவாட்.

எண்களை மட்டும் பார்த்தால் எக்ஸ்.ஆர்.8 வெல்கிறது. ஆனால், அதன் எடை ஏறத்தாழ 1.8 டன், டர்போவின் எடை ஏறத்தாழ 1.7 டன். ஆற்றலை எடையால் வகுத்தால், ஒரு டன்னுக்கு முன்னதற்கு 144 கிலோவாட், பின்னதற்கு 141 கிலோவாட். இருபது கிலோவாட் வேறுபாடு கிட்டத்தட்டக் கரைந்துபோகிறது!

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தால் சுழலும் சிறு காற்றாடி. அது இயந்திரத்துக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்புகிறது. கூடுதல் காற்றோடு கூடுதல் எரிபொருளும் எரிவதால், சிறிய இயந்திரம் பெரிய இயந்திரத்தின் வேலையைச் செய்கிறது. அந்த ஆறு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளிலேயே தன் முழு முறுக்குவிசையைத் தந்துவிடும். எனவே, முன்னே செல்லும் லாரியைக் கடக்க இயந்திரத்தை உறுமவிட வேண்டிய தேவையில்லை. மேலும், அந்த ஆண்டுகளின் ஃபால்கனில் பின்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு புதிதாக வடிவமைக்கப்பட்டிருந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மறு சக்கரம் தன் பிடிப்பை விடாது. மூன்றிலும் விலை குறைந்தது டர்போதான்.

அப்படியானால் காமடோரையும் எக்ஸ்.ஆர்.8ஐயும் வாங்கியவர்கள் ஏமாந்தவர்களா? இல்லை. எட்டு சிலிண்டர் இயந்திரத்தின் ஆழ்ந்த ஒலியும், டர்போவின் உதவியின்றி இயல்பாகப் பெருகும் ஆற்றலும் அவர்களுக்கு இன்பம் அளித்தன. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது அவரவர் விருப்பம். ஆனால், தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்து கொடுப்பது வேறு. பெரிய எண்ணைக் கண்டு மயங்கிக் கொடுப்பது வேறு.

இந்த அறிவு பணத்தோடு மட்டும் தொடர்புடையது அன்று, உயிரோடும் தொடர்புடையது. அனுபவம் இல்லாத கையில் மிகுந்த ஆற்றல் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா உணர்ந்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய மாநிலங்களில், டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் ஆற்றல் கொண்ட மகிழுந்துகளைப் புதிய ஓட்டுநர்கள் ஓட்டுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. சட்டமும் இயந்திரத்தின் அளவை மட்டும் பார்க்கவில்லை; எடையோடு சேர்த்தே அளந்தது.

பீட்டர் பிராக்கின் வாழ்க்கையும் இதையே உணர்த்துகிறது. பாதர்ஸ்டில் ஒன்பது முறை வென்ற அவரை மக்கள் 'மலையின் மன்னன்' என்று அழைத்தனர். அவரது பந்தய வண்டியில் 05 என்னும் எண் பொறிக்கப்பட்டிருந்தது. அது வெற்றியைக் குறிக்கும் எண் அன்று. மது அருந்திவிட்டு வண்டி ஓட்டாதீர் என்று வலியுறுத்திய இயக்கத்தின் அடையாளமாக, இரத்தத்தில் இருக்கக்கூடிய மதுவின் 0.05 என்னும் சட்ட வரம்பை அது நினைவூட்டியது. அத்தகையவர் 2006ஆம் ஆண்டு மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சாலைப் போட்டியில், வண்டி மரத்தில் மோதி உயிரிழந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எவ்வளவு தேர்ந்த கையாக இருந்தாலும் டயரின் பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு.

காலம் மாறியது. மக்கள் சிறிய மகிழுந்துகளையும் உயரமான பல்நோக்கு வாகனங்களையும் நாடினர். இறக்குமதி வண்டிகள் பெருகின. 2016 அக்டோபரில் ஃபோர்டு தன் ஆஸ்திரேலியத் தொழிற்சாலைகளை மூடியது. ஓராண்டு கழித்து ஹோல்டனும் மூடியது. இரு வீட்டாரும் மாறி மாறிச் சண்டையிட்ட வண்டிகள் ஒருங்கே விடைபெற்றன. பல தலைமுறைகளாக அந்தத் தொழிலை நம்பியிருந்த ஊர்கள் புதிய வேலைகளைத் தேட வேண்டியதாயிற்று.

இன்று, அந்தப் பழைய ஃபால்கன் ஜி.டி.எச்.ஓ. வண்டிகளுள் சில பத்து இலட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போயிருக்கின்றன. அத்தகைய வண்டி பெரும்பாலும் கூடத்தில் போர்வைக்குள் நிற்கும்; மழையில் இறங்காது. ஆனால், மெல்பர்னின் புறநகர்ச் சாலைகளில் பழைய எக்ஸ்.ஆர்.6 டர்போ வண்டிகளை இன்றும் காணலாம். அவை பிள்ளைகளை இறக்கிவிட்டு, கடைக்குச் சென்று, மழை பெய்யும் வளைவில் நிதானமாகத் திரும்பி வீடு சேர்கின்றன. விலையை ஏலம் சொல்லும். மதிப்பை வளைவு சொல்லும்.