மடக்கிக்கொண்ட விரல்

என் கணவருக்கு வங்கி வேலை. மாற்றலாகிப் போன ஊர்களில் ஒன்று ராஜஸ்தானின் நாத்வாரா. உதய்ப்பூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஸ்ரீநாத்ஜி கோயில். சுற்றிலும் கோதுமையும் மக்காச்சோளமும் விளைகிற கிராமங்கள்.

2008 டிசம்பர் 4-ம் தேதி அங்கே சட்டமன்றத் தேர்தல். கணவருக்கு வேறு தொகுதியில் தேர்தல் டியூட்டி. கிளம்பும்போது, "மறக்காம ஓட்டுப் போட்டுடு. உன் பேரைச் சேர்க்க நாலு தடவை அலைஞ்சிருக்கேன்" என்றார்.

பூத், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம்தான். காலையிலேயே எதிர்வீட்டு மாஜி கதவைத் தட்டினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, "வா பேட்டா, கூட்டம் சேர்றதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்" என்றார்.

"நீங்க போங்க மாஜி, பின்னாடியே வர்றேன்."

போகவில்லை. துணி துவைத்தேன், இட்லிக்கு மாவு அரைத்தேன், மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். நேரம் இல்லாமல் இல்லை. 'நாளைக்கே மாற்றல் வந்தா போயிடுவோம். இவங்க ஊரு, இவங்க தேர்தல், நமக்கென்ன?' என்ற நினைப்புதான். மணி ஐந்தாகிவிட்டது.

டிசம்பர் 8-ம் தேதி வாக்கு எண்ணிக்கை. தெருவே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. எங்கள் தொகுதியில் நின்றவர் சி.பி. ஜோஷி. மாநில காங்கிரஸ் தலைவர். முதல்வர் ஆகக்கூடும் என்று பேசப்பட்டவர். அவரை எதிர்த்து பா.ஜ.க-வின் கல்யாண் சிங் சௌஹான்.

முடிவு வந்தது. சௌஹான் 62,216. ஜோஷி 62,215.

ஒரே ஒரு ஓட்டு!

மொத்தம் 200 இடங்களில் காங்கிரஸ் 96 பிடித்து ஆட்சி அமைத்தது. அசோக் கெலாட் முதல்வரானார். கட்சி ஜெயித்தும், அதன் தலைவர் ஒரு ஓட்டில் வெளியே நின்றார். தன் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருந்தால், உண்மையான வாக்காளர் தனிச் சீட்டில் ஓட்டளிக்கலாம். அப்படிப் பதிவான ஓட்டுகளைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அன்று மாலை தெருவில் ஒரே வேடிக்கை. ஜெயித்தவருக்குப் போட்ட ஒவ்வொருவரும், "அந்த ஒரு ஓட்டு என்னுதுதான்" என்றார்கள். மாஜியும் மை வைத்த இடது ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, "உன் விரலைக் காட்டு பேட்டா" என்றார்.

நான் கையைப் புடவைத் தலைப்புக்குள் மடக்கிக்கொண்டேன். மாஜி ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு, "இங்கதானே தண்ணி குடிக்கிறே, இங்கதானே பிள்ளையைப் படிக்க வைக்கிறே?" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

இரவெல்லாம் மனசு கணக்குப் போட்டது. நான் தோற்றவருக்குப் போட்டிருந்தால் இருவரும் சமம்; சட்டப்படி குலுக்கல் போட்டிருப்பார்கள். ஜெயித்தவருக்குப் போட்டிருந்தால் வித்தியாசம் இரண்டு. யாருக்குப் போட்டிருப்பேன் என்பதை இன்றுவரை கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அவரும் என்னைத் திட்டவில்லை. "நாலு தடவை அலைஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம்.

ஆனால் என்னை உறுத்தியது கணக்கு இல்லை. நான் அந்த ஊரை வேற்றூர் என்று நினைத்தேன். அந்த ஊரோ, என் பெயரை அச்சடித்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க எனக்காகக் காத்திருந்தது.

இப்போது மகன் பெங்களூரில் வாடகை வீட்டில் இருக்கிறான். "இது நம்ம ஊர் இல்லையேம்மா, பேரை எதுக்கு மாத்தணும்?" என்றான் போன வாரம். அவனுக்கு மாஜியைப் பற்றிச் சொன்னேன். கர்நாடகாவிலேயே 2004-ல் சந்தேமரஹள்ளி தொகுதியில் ஒரு ஓட்டில் முடிவு வந்ததையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "எந்த ஃபார்ம்மா நிரப்பணும்?" என்றான்.