டாக்டர் கேட்ட கேள்வி

1994-இல் ஒரு நாள், மூச்சு இரைக்கும் குழந்தையோடு தங்கையும் நானும் டாக்டரிடம் ஓடினோம்.

"குடும்பத்தில் யாருக்காவது இழுப்பு உண்டா?"

"எங்கள் அப்பாவுக்கு உண்டு" என்றாள் தங்கை, சட்டென்று. குழந்தை தத்து வந்தவள் என்பது எனக்குத்தான் முதலில் நினைவு வந்தது.

தத்தான நாள் முதல் பிறந்த வீட்டு உறவு அறும் என்கிறது 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டம். ஆனால், பிறந்த வீட்டில் மணக்கக் கூடாதவரைப் பிறகும் மணக்கக் கூடாதாம். சட்டமே ரத்தத்தை முழுக்க மறக்கவில்லை!

இல்லத்தார் கொடுத்த காகிதத்தில் எடையும் தடுப்பூசியும் இருந்தன; பெற்றவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு, "அதை அடித்துவிடுங்கள், டாக்டர். தெரியாது என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள். சொல்லிவிட்டுக் குழந்தையின் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள்.