'வித்'தோட ஒரு சண்டை

பள்ளிக்கரணை. ராத்திரி எட்டு மணி.
சதுப்பு நிலத்துக் கொசு ஒரு பக்கம், பொண்ணோட ஹோம்வொர்க் இன்னொரு பக்கம்.

"அப்பா, 'வித்'னா 'கூட'ன்னுதானே சொன்ன? அப்ப 'ஐ ஃபாட் வித் ஹிம்'னா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வேற யாரையோ அடிச்சோமா?"

கொசு பேட்டைக் கீழ வெச்சுட்டேன்.

தேடினா, பழைய ஆங்கிலத்துல 'வித்'துக்கு 'எதிரா'ங்கறதுதான் முக்கிய அர்த்தமாம்!
'வித்ஸ்டாண்ட்'ல அது இன்னும் முறைச்சுக்கிட்டு நிக்குது.

'கூட'ங்கறதுக்கு அப்போ 'மிட்'னு தனிச் சொல். ஜெர்மன்ல இன்னிக்கும் அதான். இங்கிலீஷ்ல செத்துப்போச்சு, 'மிட்வைஃப்'ல மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. பிரசவத்துல கூட இருக்கற பொம்பள.

எதிரி எப்படிக் கூட்டாளி ஆனான்? வைக்கிங்குகளோட பேச்சும் ஒரு காரணம்ங்கறாங்க.
சண்டை போடவும் பக்கத்துல வந்தாகணுமே, அதுவும் இருக்கலாம். இது என் சொந்தச் சரக்கு.

நம்ம 'ஓட' மட்டும் யோக்கியமா?
அவனோட விளையாடினேன்.
அவனோட சண்டை போட்டேன்.
நாப்பது வருஷமாப் பேசறேன், கவனிச்சதே இல்ல.

பெருமையா விளக்கிட்டுத் திரும்பினா, பொண்ணு தூங்கிட்டா. ஹோம்வொர்க் அப்படியே கிடக்கு.

கேட்டுக்கிட்டிருந்த வீட்டம்மா மட்டும், "பதினஞ்சு வருஷமா உங்களோட இருக்கேனே, அது எந்த 'ஓட'?"ங்கறா.

என்ன சொல்லித் தப்பிக்கலாம்?